காத்தமுத்துவின் ஒப்பீட்டு வயல்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில், சாணார்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மஞ்சள் கட்டடம் இருந்தது. 'தாவர நறுமண எண்ணெய்கள் வழி வெங்காயப் பூஞ்சாண நோய் ஒருங்கிணைந்த மேலாண்மை முன்னோடி மையம்' என்பது அதன் பெயர். இவ்வளவு பெயருக்குக் கட்டடத்தின் அகலம் போதவில்லை. 'முன்னோடி' வரைக்கும் முகப்பில் எழுதிவிட்டு, 'மையம்' என்பதை மட்டும் பக்கவாட்டுச் சுவரில் திருப்பி எழுதியிருந்தார்கள். நத்தத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது வெறும் மையம். திண்டுக்கல்லிலிருந்து போகிறவர்களுக்கு எதற்கோ முன்னோடி.

மூன்று வருடமாக அதைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்துவந்த காத்தமுத்துவுக்கு, உள்ளே போகவேண்டிய கிரகசாரம் வெங்காயம் நட்ட முப்பதாம் நாள் வந்தது.

ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம். எழுபதாம் நாள் பிடுங்கவேண்டிய பயிர், முப்பதாம் நாளே தாளை முறுக்கிக்கொண்டு நின்றது. பச்சைத் தாள் கோழிக்கால் மாதிரி வளைந்து, அதில் ஊதா நிறத்தில் கண் கண்ணாகப் புள்ளி. உரக்கடைக்காரர் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்தாயிற்று. நோயும் மருந்தும் சம்பந்திகளைப் போல ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுக்கொண்டு ஒரே வயலில் குடியிருந்தன. இந்தப் போகம் போனால் அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் கிடையாது. விதைக்கு வைப்பதும் இதே வெங்காயத்தில்தான்.

அந்தச் சமயம் பார்த்து மையம் ஊருக்குள் ஒரு முகாம் போட்டது. திட்ட அலுவலர் ஆனந்த்ராஜ், குத்துவிளக்கு ஏற்றிய தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"விவசாயப் பெருமக்களே! பூஞ்சாணத்தை நீங்கள் வெறுக்கக் கூடாது. பூஞ்சாணம் இல்லாவிட்டால் இந்த மையம் இல்லை. மையம் இல்லாவிட்டால் நான் இன்னும் பழைய கோப்பு அறையில்தான் தும்மிக்கொண்டிருப்பேன். கிராம்பு, லவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் தைலம் பூஞ்சாணத்தைக் கொல்லும். இது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அந்த உண்மையை நாங்கள் மூன்று ஆண்டுகளாகக் கூட்டம் போட்டு ஒப்புக்கொண்டு வருகிறோம். எங்கள் தைலத்தால் இதுவரை ஒரு பயிர்கூடக் கருகியதில்லை. ஏனென்றால் இதுவரை எந்தப் பயிரிலும் தெளித்ததில்லை. இந்த ஆண்டு தெளிக்கப்போகிறோம்!"

கைதட்டல் பலமாக இருந்தது. டீ வந்திருந்தது.

இந்த ஆண்டு நிதிக்கு இரண்டு வயல்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். காத்தமுத்துவுக்கு 'சிகிச்சை வயல்' என்று வந்தது. பக்கத்துக் காட்டுக்காரரும் பொதுக்கிணற்றில் பங்குக்காரருமான சடையாண்டிக்கு 'ஒப்பீட்டு வயல்' என்று வந்தது.

இங்கேதான் காத்தமுத்துவின் மூளை வேலை செய்தது. அவர் சந்தை பழகிய மனிதர். மாடு வாங்கப் போனால் மாட்டின் பல்லைப் பார்க்கமாட்டார், அந்த மாட்டைச் சுற்றி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். நாலு பேர் ஆசையாகப் பார்க்கிற மாடு நல்ல மாடு. அவ்வளவுதான் கணக்கு. இப்போது அவர் பார்க்க, சடையாண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். சால்வை போர்த்தினார்கள். நாற்காலி போட்டார்கள். போட்டோ பிடித்தார்கள். "ஐயா, உங்க வயல்தான் இந்த ஆராய்ச்சியோட உயிரே. நீங்க இல்லன்னா நாங்க இல்ல" என்று ஆனந்த்ராஜ் சடையாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். காத்தமுத்துவிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தானதும் அதையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் காத்தமுத்து, சடையாண்டியை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"என்ன மச்சான், சால்வையெல்லாம் பலமா இருக்கு?"

"எனக்கே ஒண்ணும் புரியல மாப்ள. ஒப்பீடுங்கிறாக, உயிருங்கிறாக. எனக்கு வெங்காயம் ஊண்ட மட்டுந்தான் தெரியும்."

"ஒனக்கெதுக்கு இந்த ரோதனை? நித்தம் நாலு பேரு வருவாக, போவாக. பேசணும், பதில் சொல்லணும். எஞ் சீட்ட நீ வச்சுக்க. ஒஞ் சீட்ட எங்கிட்டக் குடு."

சடையாண்டி ஒன்றும் பால்குடி மாறாத பிள்ளை இல்லை. "சும்மாவா?" என்றார்.

காத்தமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைக்கு மேல் போட்டார். மாட்டுச் சந்தையில் பேசுவதுபோல் துண்டுக்குள் விரல் பிடித்தார்கள். கிணற்றில் காத்தமுத்துவின் தண்ணீர் முறை ஒரு வாரம் என்று ஆரம்பித்து, சடையாண்டி உதட்டைப் பிதுக்கி, எழுந்துபோவதுபோல் எழுந்து, திரும்ப உட்கார்ந்து, மூன்று வாரத்தில் படிந்தது. சீட்டு கைமாறியது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி பேச்சாயி கேட்டாள்: "அப்பிடி என்னதான் செய்வாகளாம் ஒப்பீட்டு வயல்ல?"

"கேக்கல."

"கேக்கலயா?"

"ஏ கூறுகெட்டவளே, கேட்டா நம்ம ஆசப்படுறது அவிங்களுக்குத் தெரிஞ்சுபோகும்ல?"

மறுநாள் மையத்துக்குப் போய்ச் சீட்டு மாற்றத்தைப் பதிவு செய்தார். பதினான்கு பக்க ஒப்பந்தத்தில் இருபத்தெட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். இத்தனை கையெழுத்து வாங்குகிறவன் ஏதோ பெரிதாகத் தரப்போகிறான் என்று அவருடைய மனசு குதித்தது.

முப்பத்தேழாம் நாள் ஜீப் வந்தது. பூட்டுப் போட்ட ஒரு தைலக் கேன் இறங்கியது. அது நேராகச் சடையாண்டியின் வயலுக்குப் போனது. சடையாண்டியின் வரப்பில் ஒரு பலகையும் காத்தமுத்துவின் வரப்பில் ஒரு பலகையும் நட்டார்கள். களப்பணியாளர் பானுப்ரியா, காத்தமுத்துவுக்குக் கண்ணாடி இல்லாததால் வாசித்துக் காட்டினாள்.

"ஒப்பீட்டு வயல். இங்கு எதுவும் செய்யக்கூடாது."

"நல்லதும்மா. தைலம் எப்ப?"

"உங்களுக்குத் தைலம் கிடையாதுங்கய்யா. தண்ணி தெளிப்போம். வெறும் தண்ணி."

"தண்ணியா? என் தண்ணி முறையத்தான் சடையாண்டிகிட்டக் குடுத்திட்டனே தாயி!"

ஆனந்த்ராஜ் அருகில் வந்து தோளில் கை போட்டார்.

"காத்தமுத்து, சொல்றதை நல்லா வாங்கிக்குங்க. அந்த வயல்ல தைலம் தெளிக்கிறோம். இந்த வயல்ல ஒண்ணும் தெளிக்கல. அந்த வயல் பிழைச்சு, இந்த வயல் செத்துச்சுன்னா எங்க தைலம் நல்ல தைலம். இந்த வயல் சாகலைன்னா அந்த வயல் பிழைச்சதை நான் எதை வச்சு மேலிடத்துக்குக் காட்டுவேன்?"

"அப்ப என் வெங்காயம்?"

"அதைத்தான் ஆராய்ச்சியோட உயிர்னு அன்னைக்கே சொன்னேனே."

காத்தமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெஞ்சனத்துக்கு உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பேச்சாயி ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். வையாமல் வைகிறதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு முறை பானுப்ரியா வந்தாள். நூறு செடிக்கு நாடா கட்டி, ஸ்கேல் வைத்துப் புள்ளிகளை அளந்தாள். அவளும் ஒப்பந்த வேலைக்காரிதான், ஆறு மாதத்துக்கொரு முறை அவளையே புதுப்பிக்கவேண்டும். "நாப்பது சதம் வந்திருச்சுங்கய்யா" என்று தலை குனிந்து சொல்வாள். ஆனந்த்ராஜ் போனில், "வெரிகுட், வெரிகுட்" என்று சொல்வது வரப்பு வரைக்கும் கேட்கும். பக்கத்து மாவட்டங்களிலிருந்து பார்வையாளர்கள் வந்து, முறுக்கிய தாளைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணுடன் நிற்பதுபோல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "எவ்வளவு தெளிவான நோய்!" என்று ஒருவர் காத்தமுத்துவிடமே வியந்தார்.

இதற்கிடையில் நாலு நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. நோய் கொஞ்சம் தணிந்தது. குருத்தில் லேசாகப் பச்சை தெரிய, காத்தமுத்து குலசாமிக்குக் கிடாய் நேர்ந்துகொண்டார். மறுநாளே ஜீப் வந்துவிட்டது. ஆனந்த்ராஜ் முகம் வாடியிருந்தது.

"இப்படி ஆனா எப்படிங்க? போன வாரம் அறுபது சதம் இருந்த நோய் இந்த வாரம் ஐம்பதுக்கு இறங்கியிருக்கு. மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஜீப்பின் பின்பக்கமிருந்து இரண்டு சாக்கு இறக்கினார்கள். எரியோட்டுப் பக்கம் ஒரு வயலில் சேகரித்த நோய்த் தாள்கள். "நல்ல வீரியமான நோய். தேடிப் பிடிச்சுக் கொண்டாந்தோம்" என்றார் ஆனந்த்ராஜ். அதைக் கரைத்து வயல் முழுக்கத் தெளிக்க ஆரம்பித்தார்கள். வெறும் தண்ணீர் தெளிக்கவே ஆள் இல்லை என்று ஒரு வாரமாகச் சொன்ன மையத்துக்கு, நோய் தெளிக்க நாலு ஆள் இருந்தது.

பேச்சாயிக்குப் பொறுக்கவில்லை. வரப்பில் நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். "நீங்க நல்லா இருப்பீகளாடா? எம் பயிருல சீக்கைக் கொண்டாந்து ஊத்துறீகளே, ஒங்க குடி வெளங்குமாடா?"

ஆனந்த்ராஜ் மண் பறந்த பக்கத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "பானுப்ரியா, காற்றின் திசை வடகிழக்குன்னு எழுதிக்குங்க" என்றார்.

சரி, சடையாண்டி வயலாவது பிழைத்ததா என்றால், அது வேறு கதை. கேனைத் திறந்து தெளிப்பதற்கு முன் 'மண உறுதிக் குழு' முகர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்று விதி. குழுவில் மூன்று மூக்கு. அதில் ஒரு மூக்குக்கு ஜலதோஷம். ஜலதோஷம் உள்ள மூக்கின் கையெழுத்து தணிக்கையில் நிற்காது என்பதால் காத்திருந்தார்கள். காத்திருந்த நாட்களில், வருகிற போகிற அதிகாரிகளெல்லாம் கேனைத் திறந்து முகர்ந்து, "ஆகா" என்று சொல்லி, கைக்குட்டையில் நாலு சொட்டு விட்டுக்கொண்டு போனார்கள். ஜீப் டிரைவருக்குத் தலைவலி. காவலாளிக்கு மூட்டுவலி. மூடி சரியாக மூடாத கேனிலிருந்து மிச்சத்தைக் காற்று முகர்ந்தது. ஜலதோஷம் தெளிந்து குழு கூடிய நாளில் கேனில் இருந்தது தைலத்தின் ஞாபகம். அதில் சோப்புத் தண்ணீரைக் கலந்து மேளதாளத்தோடு தெளித்தார்கள்.

நாற்பத்தெட்டாம் நாள், ஒரு சனிக்கிழமை, காத்தமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனார். ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், என் வயலை என்னிடம் விடுங்கள் என்று கேட்கத்தான்.

"தாராளமா விலகலாம்" என்றார் ஆனந்த்ராஜ். பதினோராம் பக்கத்தைப் புரட்டினார். "பயிரில் நோய் இல்லை என்று மையம் சான்று கொடுத்தால் விவசாயி எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

"நோய் இருக்கதுனாலதான சார் விலகுறேன்?"

"நோய் இருக்கிற வயலை எப்படிங்க விட முடியும்? அதுக்குத்தானே மையமே இருக்கு!"

"அப்ப நானே தைலம் வாங்கி அடிச்சுக்கிறேன் சார்."

ஆனந்த்ராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தே விட்டார். "காத்தமுத்து! எங்க தைலம் அதிகாரபூர்வமா வேலை செய்யறதுக்கு முன்னாடி, நீங்க பாட்டுக்கு ஒரு தைலம் வாங்கி அது வேலை செஞ்சிடுச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

காத்தமுத்து யோசித்தார். யோசித்துக்கொண்டே திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினார்.

மேற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் அக்பர் அலியின் நாட்டு மருந்துக் கடை. கடை அகலம் ஒரு கட்டில் அளவு, வாசம் ஒரு தெரு அளவு. அக்பர் அலி கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அதுவே காத்தமுத்துவுக்குப் பாதி நோய் தீர்ந்த மாதிரி இருந்தது.

"கிராம்புத் தைலம் இருக்கு. ஓமத் தைலம் இருக்கு. மனுசனுக்குச் சேத்துப்புண்ணு, படைக்குப் போடுவோம், கேக்கும். அதுவும் ஒரு பூஞ்சாணந்தான். ஒன் வெங்காயத்துக்குக் கேக்குமாண்டு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

"அந்த ஆபீசரு பேசறப்ப கேக்கும்னாரு பாய். அவரு சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்போல."

"அப்ப இந்தா. தைலம் தண்ணியில கலக்காது, மேல மெதக்கும். மொதல்ல சோப்பக் கரைச்சு, அதுல தைலத்த விட்டு நல்லா அடிச்சு, அப்புறம் தண்ணி. டேங்குக்கு மூணு மூடி, அதுக்கு மேல போனா தாள் கருகிரும். எடுத்த எடுப்புல பூராத்துக்கும் அடிச்சிராத. நாலு செடியில தெளிச்சுப் பாரு. வெயிலுக்கு முந்தி அடி. வாரம் ஒருக்கா." பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, இம்புட்டுத்தான் விசயம். இதுக்கா ஒரு கட்டடம் கட்டி வச்சிருக்காக?"

காத்தமுத்து அங்கே விலை பேசவில்லை. அவர் ஆயுளில் அது முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை அரசாங்கத்துக்கு மூக்கு கிடையாது. விடிந்தும் விடியாததுமாக நாலு செடியில் தெளித்து, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே குத்தவைத்துப் பார்த்தார். கருகவில்லை. மளமளவென்று டேங்கை முதுகில் ஏற்றினார். பேச்சாயி சோப்புக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். சடையாண்டியையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"மச்சான், மிச்சத் தைலம் இருக்கு. ஒனக்கும் அடிச்சுவிடவா?"

சடையாண்டி சோம்பல் முறித்தார். "போப்பா. எனக்குக் கவர்மெண்டே தெளிக்குது. பாய் கடைத் தைலம் ஒனக்குத்தான் லாயக்கு."

திங்கட்கிழமை பானுப்ரியா வரப்பில் கால் வைத்ததுமே நின்றாள். "ஐயா, வயல் பூரா பல் டாக்டர் கிளினிக் மாதிரி மணக்குதே?"

"எனக்குப் பல்லுவலி தாயி" என்றார் காத்தமுத்து.

"ஒரு ஏக்கருக்கா?"

அவள் குனிந்து ஒரு குருத்தைத் தொட்டுப் பார்த்தாள். நோட்டில் காத்தமுத்துவின் பல்லைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறும் தெளித்தார். ஐம்பத்தெட்டாம் நாள் பார்த்தால், பழைய தாள் பழையபடி முறுக்கிக் கிடந்தாலும், புதுக் குருத்து ஒவ்வொன்றும் ஊசி மாதிரி நேராக வந்திருந்தது. மேற்குக் கோடியில் கால்வாசி போனது போனதுதான். மீதி முக்கால்வாசி பிழைத்துவிட்டது. பக்கத்தில் சடையாண்டியின் வயல் மஞ்சள் அடித்துப் படுத்துக் கிடந்தது.

அறுபதாம் நாள் மேலிட ஆய்வு என்று தகவல் வந்து, முன்கூட்டியே பார்க்க வந்த ஆனந்த்ராஜ், இரண்டு வயலுக்கும் நடுவரப்பில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். தெளித்த வயல் செத்துவிட்டது. தெளிக்காத வயல் பிழைத்துவிட்டது.

"என்னய்யா செஞ்சே?" என்றார். மரியாதை போய்விட்டது.

"பலகையில என்ன எழுதியிருக்கோ அதத்தான் சார் செஞ்சேன். ஒண்ணும் செய்யல."

ஆனந்த்ராஜ் வரப்பிலேயே உட்கார்ந்தார். பிறகு எழுந்தவரின் முகத்தில், தராசைத் திருப்பிப் போட்டால் சரக்கு கூடும் என்று கண்டுபிடித்த வியாபாரியின் தெளிவு இருந்தது. டிரைவரைக் கூப்பிட்டு இரண்டு பலகையையும் பிடுங்கச் சொன்னார். இடம் மாற்றி நடச் சொன்னார். காத்தமுத்துவின் வயல் 'சிகிச்சை வயல்' ஆயிற்று. சடையாண்டியின் வயல் 'ஒப்பீட்டு வயல்' ஆயிற்று.

சடையாண்டி ஓடிவந்தார். "சார், எனக்குத் தெளிச்சீகளே! மேளமெல்லாம் அடிச்சீகளே!"

"தெளிச்சதுக்கு என்ன ஆதாரம்? வாசம் வருதா பாருங்க. அந்த வயல்ல வருது, உங்க வயல்ல வரல. நீங்களே மோந்து பாருங்க. குலுக்கல் பதிவேட்டுலயும் உங்க பேருக்கு நேரா ஒப்பீட்டு வயல்னுதான் இருக்கு. நடுவுல நீங்க ரெண்டு பேரும் மாத்திக்கிட்டீங்க, அதைச் சரி பண்ணியிருக்கேன்."

ஆய்வறிக்கையில் சடையாண்டியின் வயல் படத்துக்குக் கீழே 'தைலத்தை ஏற்காத விவசாயியின் நிலை' என்று அச்சடித்திருந்தார்கள். பானுப்ரியா அதை அவரிடம் வாசித்துக் காட்டாமலே மடித்து வைத்துவிட்டாள்.

காத்தமுத்து இதோடு விட்டது என்றுதான் நினைத்தார். விடவில்லை. வெற்றி பெற்ற வயலை வெளியூர்க்காரர்கள் பார்க்கவேண்டும் என்பதால் அறுவடைக்குத் தடை போட்டார்கள். எழுபதாம் நாள் வந்தது. தாள் சாய்ந்து, வெங்காயம் பிடுங்கு பிடுங்கு என்றது. எழுபத்துமூன்று ஆனது. சிறுமலைப் பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. முற்றிய வெங்காயத்தின்மேல் மழை விழுந்தால் நிலத்திலேயே அழுகும், மிஞ்சினது முளைத்துக்கொள்ளும். நோயிலிருந்து காப்பாற்றியதைப் பாராட்டிலிருந்து காப்பாற்றத் தெரியாமல் காத்தமுத்து வயலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏய்யா, தடைங்கிறதென்ன, கல்லுச் சொவரா?" என்றாள் பேச்சாயி. "ஆளக் கூப்பிடு. பிடுங்கு."

எட்டுப் பெண்களும் பேச்சாயியும் ஒரே நாளில் முழு வயலையும் பிடுங்கிக் குவித்தார்கள். தாள் அரிந்து, சாக்குப் பிடித்து, மினி லாரியில் ஏற்றி, கடைசி மூட்டை ஏறும்போது ஜீப் வந்து வழியை மறித்தது.

"அய்யய்யோ! வெள்ளிக்கிழமை தலைமை விருந்தினர் வர்றார். முதல் வெங்காயத்தை அவர் கையால பிடுங்கணும். அழைப்பிதழ்ல போட்டாச்சு! இப்ப மண்ணுல ஒண்ணுமே இல்லையே!" ஆனந்த்ராஜுக்கு வேர்த்து ஊற்றியது. "மையத்தோட விடுவிப்புச் சீட்டு இல்லாம ஆய்வு வயல் சரக்கு வெளிய போகக்கூடாது. பதிமூணாம் பக்கம். லாரி இங்கேயே நிக்கட்டும்."

காத்தமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. வெறும் வாயாலேயே பேசினார். ஒரு பாத்தி வெங்காயத்தைத் திரும்ப மண்ணில் ஊன்றித் தருவதாகவும், விருந்தினர் அதைப் பிடுங்கியதும் சீட்டு கைக்கு வரவேண்டும் என்றும், அதுவரை மையத்தின் தார்ப்பாயை லாரிமேல் போடவேண்டும் என்றும் படிந்தது. அவசரத்தில் தாள் அரியாமல் விட்ட வெங்காயமாகப் பொறுக்கி, வெள்ளிக்கிழமை காலையில் காத்தமுத்துவும் பேச்சாயியும் ஒவ்வொன்றாக மண்ணில் செருகினார்கள். அறுவடை செய்த பயிரை அறுவடைக்காக நட்டவர்கள் அந்தப் பிராந்தியத்தில் அவர்கள்தான் முதல்.

தலைமை விருந்தினர் வந்தார். இரண்டு விரலால் ஒரு வெங்காயத்தைத் தொட்டார். அது வந்துவிட்டது.

"அட! எவ்வளவு சுலபமா வருது!"

"தைலத்தோட பலன் சார்" என்றார் ஆனந்த்ராஜ், கண் இமைக்காமல். "வேர் மண்ணைப் பிடிச்சுக்காது. கூலி மிச்சம்."

விருந்தினர் மேடையேறி, அடுத்த ஆண்டு இந்தத் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிவாக்கப்படும் என்றார். மண உறுதிக் குழுவில் மூக்குகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஒன்பதாக உயர்த்தப்படும் என்றார். பிறகு, "வெற்றி விவசாயி ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று காத்தமுத்துவின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

ஆனந்த்ராஜ் எழுதிக்கொடுத்த காகிதம் சட்டைப்பையில் இருந்தது. லாரி பந்தலுக்குப் பின்னால் நின்றது. சீட்டு இன்னும் வரவில்லை. முன்வரிசையில் சடையாண்டி, முகாமில் வாங்கிய சால்வையை, இந்தத் தடவை யாரும் போர்த்தாததால் தானே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காத்தமுத்து அவரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

காகிதத்தை எடுக்காமலே காத்தமுத்து சொன்னார். "அய்யாமார்களே, எனக்கு மையம் ஒரு சொட்டுத் தெளிக்கல. சீக்கைத்தான் தெளிச்சாக. நான் திண்டுக்கல்லுல பாய் கடையில கிராம்புத் தைலம் வாங்கி, சோப்புக் கரைச்சு அடிச்சேன். சடையாண்டி வயலுக்கு அடிச்சது வெறும் சோப்புத் தண்ணி. அவரு மேல குத்தமில்ல."

அந்த நேரம் பார்த்துப் பந்தலின் பின்வரிசையில் பிரியாணிப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மொத்தக் கூட்டமும் திரும்பியிருந்தது. தலைமை விருந்தினர் போனில் இருந்தார். காத்தமுத்து நிறுத்தியதும், பேச்சு முடிந்தது என்று அறிந்து எல்லோரும் கைதட்டினார்கள். 'பயனாளி நெகிழ்ச்சியுடன் நன்றி கூறினார்' என்று நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவாயிற்று. தலையைத் திருப்பிக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் சடையாண்டி. அவர் எழுந்து, தன் மஞ்சள் வயலுக்குள் இறங்கி நடந்தார்.

இன்னொருவர் பந்தலுக்குப் பின்னால், லாரிக்கருகில் வந்து நின்றார். ஆனந்த்ராஜ். வைவார் என்று நினைத்துக் காத்தமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனந்த்ராஜ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காத்தமுத்து, எங்க வீட்டு மொட்டை மாடியில ஆறு தொட்டி வெங்காயம் போட்டிருக்கோம். ரெண்டு வாரமா தாளெல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்குது. வீட்டுல என்னைத் திட்டுறாங்க, நீயெல்லாம் ஒரு ஆபீசரான்னு." தொண்டையைச் செருமினார். "அந்த பாய் கடை எந்தத் தெரு?"

"மொதல்ல சீட்டு சார்."

ஆனந்த்ராஜ் லாரியின் பானெட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காத்தமுத்து அதை இரண்டாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். பொய்த் தெரு ஒன்று வாய்வரைக்கும் வந்தது. ஆறு தொட்டி வெங்காயம் அவருக்கு என்ன பாவம் செய்தது? உள்ளதைச் சொன்னார். மேற்கு ரத வீதிச் சந்து, முதலில் சோப்பு, பிறகு தைலம், டேங்குக்கு மூன்று மூடி, வெயிலுக்கு முந்தி, வாரம் ஒருதரம், நாலு செடியில் முதலில் பார்க்கவேண்டும். ஆனந்த்ராஜ் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில், துவரம்பருப்புக்கும் துணி சோப்புக்கும் கீழே, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்துப் பேனாவை மூடியவர், ஏதோ முக்கியமானது விட்டுப்போனதுபோல் திரும்பக் கேட்டார்.

"பாய் பில் குடுப்பாரா?"

முதல் தூறல் தார்ப்பாயில் விழுந்தது. காத்தமுத்து லாரியில் ஏறி உட்கார்ந்து, கதவை வெளிப்பக்கமாக ஓங்கித் தட்டினார்.

"எடுப்பா வண்டிய."